உங்கள் சாரதி நேற்று எங்கே தூங்கினார்?

கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர். காலைப் பலகாரம் முடித்து ஒன்பதரைக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் நம் ஊரிலிருந்து போகிற யாரும் கணக்குப் போடுவார்கள். கம்பளையைத் தாண்டி, புசல்லாவைக்கு மேல் சாலை ஏற ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு உடைந்துவிடும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். முன்னால் மரக்கறி லாரி ஒன்று முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். வளைவில் எதிர்ப்பட்ட தனியார் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, றம்பொடைச் சுரங்கத்தைக் கடந்து, குளிர் தட்ட ஆரம்பிக்கும்போது மூன்று மணி நேரம் போயிருக்கும். இலங்கையில் தூரத்தை மணிக்கணக்கில்தான் கேட்க வேண்டும்.

கார்களுக்கு அங்கே ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீட்டர் வேகம்தான் வரம்பு. நாட்டின் முதல் அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில், கொழும்பை ஒட்டிய கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்டது. 2013-ல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒன்று வந்தது. இவற்றில் 100 வரை போகலாம். ஆனால் நாம் பார்க்க ஆசைப்படும் சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல ஆகிய எந்த ஊரின் வாசலுக்கும் அதிவேகச் சாலை வரவில்லை. இந்திய ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கார் ஓட்டவும் முடியாது. தற்காலிக அனுமதி வாங்கலாம்தான். வாங்கியும், மழையில் நனைந்த மலைச் சாலையில், விரட்டி வரும் பஸ்ஸுக்கு முன்னால் குடும்பத்தோடு ஓட்டிப்போக எத்தனை பேருக்கு மனம் வரும்?

அதனால்தான் இலங்கைச் சுற்றுலா என்றாலே, காரோடு ஒரு சாரதியையும் அமர்த்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. விமான நிலைய வாசலில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்கும் அந்த மனிதரோடுதான் அடுத்த ஆறேழு நாட்கள் கழியும். நீர்கொழும்பு, சிகிரியா, மாத்தளை, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி, கொழும்பு என்று ஒரு வட்டம். நம் சூட்கேஸைத் தூக்குவது, பிள்ளைக்கு வாந்தி வந்தால் வண்டியை ஓரங்கட்டுவது, சைவச் சாப்பாடு கிடைக்கும் கடையைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர்தான். ஊர் திரும்பியதும் நாம் ஹோட்டலைப் பற்றிப் பேசுகிறோம், சிகிரியாவைப் பற்றிப் பேசுகிறோம். அவரைப் பற்றி ‘டிரைவர் நல்ல மாதிரி’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவரை எப்படி அமர்த்துவது, என்ன கொடுப்பது, என்ன கேட்கக் கூடாது என்பதைப் பற்றியது.

பாலியிலும் காரோடு ஆள் அமர்த்துகிறார்கள். அங்கே ஒரு நாள் என்பது பெரும்பாலும் பத்து மணி நேரம். கோயில், அருவி, கடற்கரை என்று சுற்றிக் காட்டிவிட்டு ராத்திரி சாரதி தன் வீட்டுக்குப் போய்விடுவார். கம்போடியாவின் சியம் ரீப்பிலும் அப்படித்தான். அங்கோர் கோயில்களைச் சின்னச் சுற்று, பெரிய சுற்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். டுக்டுக்காரர் சுற்றிக் காட்டிவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடுவார். இலங்கைச் சாரதி அப்படிப் போக முடியாது. நாம் போகும் ஊருக்கெல்லாம் அவரும் வர வேண்டும். நாம் தூங்கும் ஊரில்தான் அவரும் தூங்க வேண்டும். எங்கே தூங்குகிறார்?

ஹோட்டலின் பின்பக்கம்

பெரிய ஹோட்டல்களில் சாரதிகளுக்கு என்று தனி அறை உண்டு. சமையலறைக்குப் பின்னாலோ, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்திலோ இருக்கும். மலையகத்தில் அப்படி ஓர் அறையை உள்ளே போய்ப் பார்த்தேன். இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்கு. சுவரில் ஆணி அடித்து அதில் சட்டைகள். எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. ஒரே ஒரு பிளக் பாயிண்ட்டில் மல்டி பிளக் செருகி, அதிலிருந்து ஐந்தாறு போன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ராத்திரி பன்னிரண்டுக்கு விமான நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தவர் விளக்கைப் போடுகிறார். விடியற்காலை நாலுக்கு ‘உலக முடிவு’ என்ற பாறை விளிம்பைப் பார்க்க ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆளேற்றிப் போகிறவர் அலாரத்தோடு எழுந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே கிடைப்பதுதான் மற்றவர்களுடைய தூக்கம். நல்ல அறைகள் கொடுக்கும் ஹோட்டல்களும் இருக்கின்றன. சாரதிகள் அவற்றின் பெயரை மறக்க மாட்டார்கள், மற்றவர்களிடம் சொல்லாமலும் இருக்க மாட்டார்கள்.

சின்ன விருந்தினர் இல்லங்களில் இந்த ஏற்பாடும் கிடையாது. நாம் செலவு குறைவு என்று ஆன்லைனில் ஒரு ஹோம்ஸ்டே எடுத்திருப்போம். அழகான இடமாக இருக்கும், அங்கே சாரதிக்கு அறை இருக்காது. பேசிய தொகைக்குள் ‘சாரதியின் தங்குமிடமும் அடக்கம்’ என்று ஏஜென்ட் எழுதியிருப்பார். அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தால் வீட்டுக்கு ஆகுமே என்று சாரதி இருக்கையைச் சாய்த்துக் காரிலேயே படுத்துக்கொள்வார். எல்லவில், காலை ஆறு மணிக்கு ஹோட்டல் வரிசைக்குப் பின்னால் இருக்கும் வாகனத் தரிப்பிடத்தில் நடந்து பாருங்கள். ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கும் ஆட்களைப் பார்க்கலாம்.

அவர் எங்கே தூங்கினால் நமக்கென்ன என்று கேட்க வழியில்லை. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு நாம் ஏறிப் போகும் மலைத்தொடர்தான் அது. அதே ஆண்டு செப்டம்பரில் எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் சாலையில், உல்லாசப் பயணம் வந்தவர்களின் பஸ் உருண்டு 15 பேர் இறந்தார்கள். எல்ல பார்த்துவிட்டு யாலவுக்குப் போகிற ஒவ்வொரு சுற்றுலாக் காரும் இறங்குவது அந்தச் சாலையில்தான். இலங்கைச் சாலைகளில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். விபத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். கண் எரிச்சலோடு அந்த இறக்கத்தில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு போவதும், நம் பிள்ளைகள் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் தூங்குவதும் நாமே தவிர்க்கக்கூடியவை.

யார் கையில் எவ்வளவு?

சாதாரணக் காருக்கு, சாரதியும் பெட்ரோலும் சேர்த்து, ஒரு நாளைக்கு 50 டாலரிலிருந்து 80 டாலர் வரை கேட்கிறார்கள். வேன் என்றால் அதற்கு மேல். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான சீசனில் ஏறும், மே, ஜூனில் இறங்கும். நேராகச் சாரதியிடமே பேசி அமர்த்தினால் இந்தத் தொகை அவரிடமே போகும். அதில் பெட்ரோலும் வண்டித் தவணையும் கழிந்து மீதி அவருக்கு.

நம்மில் பெரும்பாலோர் அப்படிப் போவதில்லை. சென்னையிலோ திருச்சியிலோ ஒரு ஏஜென்ட். அவர் கொழும்பில் இருக்கும் ஏஜென்டிடம் கொடுக்கிறார். கொழும்புக்காரர் வண்டி உரிமையாளரிடம் கொடுக்கிறார். உரிமையாளர் சம்பளத்துக்கோ தினக் கூலிக்கோ ஒரு சாரதியை ஏற்றி அனுப்புகிறார். ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பிறகு, கடைசியில் இருப்பவருக்கு ஒரு நாள் பேட்டாவும், ‘கெஸ்ட் நல்லா குடுப்பாங்க’ என்ற ஆறுதலும் மிஞ்சும். இரண்டு ஏஜென்ட்களிடம் விலை கேட்டு, மூன்றாமவரிடம் அதைக் காட்டி இன்னும் இரண்டாயிரம் ரூபாய் குறைத்துவிட்டோம் என்று நாம் சந்தோஷப்படும்போது, அந்த இரண்டாயிரம் ஏஜென்டின் பங்கிலிருந்து குறைவதில்லை. கடைசிக் கையிலிருந்துதான் குறையும்.

குறைந்ததை அவர் எங்கே ஈடு கட்டுவார்? மாத்தளையில்.

வாசனைத் தோட்டம்

சிகிரியாவிலிருந்து கண்டிக்கு வரும் வழியில், மாத்தளைப் பக்கம் சாலையின் இரு புறமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் எண் எழுதிய பலகை. “ஒரு அரை மணி நேரம், சும்மா பாருங்க, டிக்கட் இல்ல” என்று சாரதி சொல்வார். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் காத்திருப்பார். ஏலச் செடி, மிளகுக் கொடி, கோக்கோ மரம், கறுவாப் பட்டை என்று வரிசையாகக் காட்டுவார். இதெல்லாம் பார்க்க நன்றாகவே இருக்கும். கறுவா மரத்தின் பட்டையைச் சீவி முகரக் கொடுக்கும்போது வரும் வாசனை ஊரில் பாக்கெட்டில் வாங்குவதில் இருக்காது. பிறகு ஒரு கொட்டகையில் உட்கார வைத்து மூலிகைத் தேநீர் தருவார்கள். யாராவது ஒருவர் காலில் களிம்பு தடவி, சிறிது நேரம் கழித்துத் துடைத்து, ரோமம் உதிர்ந்துவிட்டதைக் காட்டுவார்கள். முதுகுவலிக்கு ஓர் எண்ணெய், முடி வளர ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. கடைசியில் கடை. வெளியே அதே பட்டையும் மிளகும் என்ன விலை என்று தெரிந்தவர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும்.

நாம் உள்ளே இருக்கும் நேரத்தில் சாரதிக்குப் பின்பக்கம் சாப்பாடு போடுவார்கள். நம் பில்லிலிருந்து அவருக்கு ஒரு பங்கு போகும். கண்டியின் ரத்தினக் கடை, பத்திக் துணிக் கடை, மரச் சிற்பக் கடை, திஸ்ஸமகாராமவில் யாலவுக்குள் அழைத்துப்போகும் ஜீப், மதிய பஃபே போடும் சாலையோர ரெஸ்டாரன்ட் என்று இந்தச் சங்கிலி நீளும். இதை ‘மோசடி’ என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கூலியைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்ட ஒரு ஏற்பாடு இது. கடைக்காரர் அதை நம் தலையில் கட்டுகிறார். குறைந்த விலைக்கு வண்டி பிடித்தவர், மீதியை மாத்தளையில் எண்ணெய் பாட்டிலுக்குக் கட்டிவிட்டு வருகிறார்.

இதற்கு மாற்று எளிது. முதல் நாளே, காரில் ஏறியதும், முகம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்: “எங்களுக்குக் கடை எதுவும் வேண்டாம். அதில் உங்களுக்கு வர வேண்டியதை நாங்களே தருகிறோம்.” இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு சில சாரதிகள் வேறு ஆளாகவே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் கார் வேறு பாதையில் போகும். கடைக்குப் போயிருக்க வேண்டிய அரை மணி நேரம், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கோ, அலுவிகாரைக் குகைகளுக்கோ, தேங்காய்ச் சம்பலும் இடியாப்பமும் கிடைக்கும் ஒரு சின்னக் கடைக்கோ போகும்.

நானுஓயாவில் ஒரு காலை

ஒரு நல்ல சாரதி என்ன செய்வார் என்பதை நானுஓயா ரயில் நிலையத்தில் பார்க்கலாம். நுவரெலியாவுக்குப் பக்கத்து ரயில் நிலையம் இது. இங்கிருந்து எல்ல வரை போகும் மலை ரயிலில் போக வேண்டும் என்பது உலகெங்கிலுமிருந்து வருகிறவர்களின் ஆசை. 1921-ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சாரதி நம்மை ரயில் நிலையத்தில் இறக்கி, எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டி, வலப்பக்கமா இடப்பக்கமா எதில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று சொல்லி, தண்ணீர் போத்தலையும் பிள்ளைகளுக்குப் பணிஸையும் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார். நம் மூட்டை முடிச்செல்லாம் காரில் இருக்கும். ரயில் கிளம்பியதும் அவர் வெலிமடை, பண்டாரவளை வழியாகத் தனியே ஓட்டிக்கொண்டு எல்லவுக்குப் போவார். மூன்று மணி நேரம் கழித்து, கழுத்து வலிக்க எட்டிப் பார்த்துவிட்டு நாம் எல்லவில் இறங்கும்போது, கூட்டத்துக்கு நடுவே அவர் நின்றுகொண்டிருப்பார்.

நம் கடவுச்சீட்டு தவிர மற்ற அத்தனை உடைமையும், முன்பின் தெரியாத ஒருவரின் காரில் மலையைச் சுற்றிப் போகிறது என்று அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அந்த நம்பிக்கையை அவர்கள் பல ஆண்டுகளாகச் சம்பாதித்து வைத்திருக்கிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் மலையகத்தை நொறுக்கிவிட்டது. மண்சரிவில் ஊர்கள் புதைந்தன, சாலைகளும் ரயில் பாதையும் அறுந்தன. அதனால் ரயில் எந்தெந்த ஊர்களுக்கு இடையே ஓடுகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் வாரத்தில் சாரதியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்துக்கு முன்னால் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேதி வந்துவிடும்.

மூன்று அடிகள்

இன்று காரைத் துடைத்து வாசலில் நிறுத்தும் சாரதி எதையெல்லாம் தாண்டி வந்திருக்கிறார் என்று தெரிந்தால் பேரம் பேச வாய் வராது. 2018-ல் இலங்கைக்கு 23 லட்சம் பயணிகள் வந்தார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. அதை நம்பி லீசிங்கில் பிரியஸும், ஹைஏஸ் வேனும் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அறைகள் ஒரே வாரத்தில் காலியாயின. மீண்டு வருவதற்குள் கொரோனா. 2021-ல் வந்த பயணிகள் இரண்டு லட்சம்கூட இல்லை.

மூன்றாவது அடி 2022. நாட்டிடம் டாலர் தீர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் லீட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல், ஜூன் இறுதியில் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பெட்ரோல் செட்டுக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசை. வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்து இறந்தவர்களும் உண்டு. பிறகு கியூஆர் குறியீடு வந்து, வாரத்துக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள்.

“வண்டிய தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிட்டு, தம்பியோட மரக்கறி யாவாரத்துக்குப் போனேன் சேர். லீசிங்காரங்க போன் அடிச்சிக்கிட்டே இருந்தாங்க. வண்டி கண்ணு முன்னாடி நிக்குது, டயர் காத்து எறங்குது. அதப் பாக்க முடியல” என்று ஹட்டன் பக்கத்துச் சாரதி ஒருவர் சொன்னார். அவர் வண்டியைக் காப்பாற்றிக்கொண்டார். விற்றுவிட்டு வளைகுடாவுக்குப் போனவர்களால் திரும்பி வந்து இன்னொரு கார் வாங்க முடியவில்லை. 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, தனியார் கார்களுக்கு 2025-ல்தான் மறுபடி கதவைத் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை புதுக் கார் விலையைத் தாண்டிப் போய்விட்டது.

2024-ல் 20 லட்சம் பேர் வந்தார்கள். அதில் நாலு லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். எந்த நாட்டை விடவும் நம் எண்ணிக்கைதான் அதிகம். ஆகவே அந்தச் சாரதிகளின் பிழைப்பு எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் நம் பங்கும் பெரியது.

முறிகண்டியும் களுத்துறையும்

தமிழ் பேசும் சாரதிதான் வேண்டும் என்று கேட்டால் கிடைப்பார்களா? கிடைப்பார்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து மலையகத் தமிழர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கொழும்பு, கண்டி, கிழக்கு மாகாணத்து முஸ்லிம் சாரதிகளும் தமிழ் பேசுகிறவர்கள். வயதான அம்மா, அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இப்படிக் கேட்டு வாங்குவது நல்லது. மாத்திரை எங்கே கிடைக்கும், வெந்நீர் வேண்டும் என்பதற்கெல்லாம் பிள்ளைகளை எதிர்பார்க்காமல் அவர்களே பேசிக்கொள்வார்கள். அதற்காகச் சிங்களச் சாரதியைத் தவிர்க்க வேண்டியதில்லை. தென்னிலங்கையின் வளைவு ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. நம் ஆட்களை ஏற்றி ஏற்றிப் பழகியதில் ‘சாப்பிட்டாச்சா’, ‘போகலாமா’ என்கிற அளவுக்குத் தமிழும் வந்திருக்கும்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் வேறு வகையில் யோசிக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது, பலாலிக்கு விமானம் இருக்கிறது. வடக்கில் இறங்கிக் கொழும்பில் விமானம் ஏறுவது என்று திட்டமிட்டால், சாரதி வெறும் வண்டியோடு வீடு திரும்ப வேண்டிய தூரம் ஒன்று இருக்கும். அந்தப் பெட்ரோலும் விலைக்குள் வரும், வர வேண்டும். ஏன் கூட்டிச் சொல்கிறார்கள் என்று சண்டை போடாதீர்கள். நல்லூரும் நயினாதீவும் மட்டும் போதும் என்றால், கொழும்புச் சாரதியை வரவழைக்காமல் யாழ்ப்பாணத்து ஆளையே பிடிப்பது இரண்டு பேருக்கும் லாபம்.

ஏ9 சாலையில் கிளிநொச்சிக்குத் தெற்கே முறிகண்டிப் பிள்ளையார் கோயில். அந்தப் பக்கம் போகிற வாகனம் நிற்காமல் போவது அபூர்வம். போர்க் காலத்தில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த சாலை இது. சாரதி இறங்கி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டு, ஒரு பை கச்சான் கடலை வாங்கி நம் கையில் கொடுப்பார். சிங்களச் சாரதியும் நிறுத்துவார், கும்பிடுவார். தெற்கே காலி வீதியில் களுத்துறைப் பாலம் வந்ததும் இதே காட்சி, அங்கே அரச மரம். காரை ஓரங்கட்டி உண்டியலில் காசு போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு ஏறுவார். அங்கேயும் தமிழ்ச் சாரதி நிறுத்துவதைப் பார்க்கலாம். ‘நேரமாகுது’ என்று அந்த இடத்தில் மட்டும் யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, பயிற்சி பெற்றவர்களுக்கு உரிமம் தருகிறது. காரும் ஓட்டி, வழிகாட்டியாகவும் விளக்கம் சொல்லத் தகுதி பெற்ற சாரதி வழிகாட்டிகள் அதில் ஒரு பிரிவு. உரிமம் இல்லாத சாரதி பொலன்னறுவையிலோ சிகிரியாவிலோ வாசலோடு நின்றுகொள்வார். அது அவர் குற்றமில்லை, விதி அப்படி. கதை கேட்டுக்கொண்டே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உரிமம் உள்ளவரைக் கேட்டு, கூடுதலாகக் கொடுத்து அமர்த்துங்கள். வண்டி மட்டும் போதும் என்பவர்களுக்குச் சாதாரணச் சாரதியே தாராளம். எந்த வகை என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வண்டிக்கு வாடகை ஓட்டத்துக்கான காப்புறுதி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தனிப்பட்ட காருக்கான காப்புறுதி வேறு.

விலையில் என்னென்ன அடக்கம் என்பதை வாய்ப் பேச்சில் விடாதீர்கள். பெட்ரோல், அதிவேகச் சாலைக் கட்டணம், பார்க்கிங், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதைத் தாண்டினால் எவ்வளவு, சாரதியின் சாப்பாடு, அறை என எல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். யாலவுக்குள் நம் கார் போகாது, ஜீப் தனி என்பதும், வறட்சியான செப்டம்பரில் அந்தக் காட்டின் முக்கியப் பகுதியை வழக்கமாக மூடிவிடுவார்கள் என்பதும் ஏஜென்ட் சொல்ல மறக்கிற விஷயங்கள். சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டினால் வெளிநாட்டவருக்கான வழக்கமான கட்டணத்தைவிடக் குறைவு என்பதை நல்ல சாரதி முதல் நாளே சொல்லிவிடுவார். சொல்கிறாரா பாருங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எல்ல, மிரிஸ்ஸ, அறுகம்குடா போன்ற ஊர்களில் பிக்மீ செயலியில் ஆட்டோ கூப்பிட்டால் உள்ளூர் ஆட்டோக்காரர்களுக்கும் செயலி ஓட்டுநர்களுக்கும் தகராறு வருவதுண்டு. கொழும்பிலும் கண்டியிலும் அந்தச் செயலி நன்றாக உதவும். ஆகவே கொழும்பில் கழிக்கும் நாட்களுக்கும் சேர்த்துச் சாரதியை நிறுத்தி வைக்காமல், கொழும்பு வந்ததுமே விடுவித்துவிட்டால் நமக்கும் மிச்சம், அவருக்கும் அடுத்த ஓட்டம் கிடைக்கும்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ‘ஒரு நாள்’ என்று பேசியிருக்கிறோமே என்று விடிகாலை ஐந்துக்குச் சிகிரியா ஏறி, மாலையில் கண்டி தலதா மாளிகை பார்த்து, ராத்திரி பத்துக்குக் கடைத் தெரு, பதினொன்றுக்கு ஐஸ்கிரீம். பத்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைச் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் போக ஆட்டோ பிடியுங்கள். சென்னைக்கு அதிகாலை விமானம் என்றால், நுவரெலியாவிலிருந்து இரவோடு இரவாக இறங்கி வராமல், கடைசி இரவு நீர்கொழும்பில் தங்குங்கள். அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான்.

சாப்பிடும்போது அவரையும் கூப்பிடுங்கள். பெரும்பாலும் வர மாட்டார். சாரதிகளுக்கென்று தனியே போடுகிற கடைகள் இருக்கின்றன, அங்கே நண்பர்களோடு பேசிக்கொண்டு சாப்பிடுவதுதான் அவருக்குப் பிடிக்கும். ஆனாலும் கூப்பிடுங்கள். கடைசி நாளில் கையில் வைக்கும் பணத்தை டாலரிலோ இலங்கை ரூபாயிலோ கொடுங்கள், இந்திய ரூபாயை மாற்ற அவர் அலைய வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து பத்து டாலர் என்று வைத்துக் கொடுப்பது பரவலான வழக்கம். கடைக்குப் போகாமல் இருந்ததற்குத் தருவதாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

இந்த வருட லீவுக்கு இலங்கை என்று முடிவு செய்திருந்தால், ஏஜென்ட் விலைப் பட்டியல் அனுப்பும்போது ஹோட்டலின் நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இந்த இரண்டைக் கேளுங்கள்: சாரதிக்கு ஒவ்வோர் ஊரிலும் அறை எங்கே? அவர் கைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது? நேரான பதில் வராவிட்டால், எவ்வளவு குறைந்த விலையாக இருந்தாலும் அந்தப் பயணத்தைப் பதிவு செய்யாதீர்கள்.